கறுப்புத் தோலும் தேன் நிற லைனிங்கும்: ஆம்பூர் சரக்கு ஒன்றில் குரோம் சிக்ஸ் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆம்பூருக்கு அருகில் உள்ள நடுத்தரத் தோல் ஆலை ஒன்று, அதே வட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைக்கு இரண்டு வகைத் தோல் கொடுத்துவந்தது. ஒன்று, ஷூவின் மேல்பகுதிக்கான கறுப்பு மாட்டுத் தோல். மற்றொன்று, காலோடு ஒட்டியிருக்கும் உள்பகுதிக்கான தேன் நிற ஆட்டுத் தோல். தொழிலில் இதை லைனிங் என்பார்கள். இந்த ஆலை பச்சைத் தோல் வாங்குவதில்லை. குரோம் ஏற்றி முடித்த வெட் புளூ தோலை ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வாங்கி, மறுபதனிடல், சாயமேற்றல், எண்ணெயேற்றல், இறுதிப்பூச்சு ஆகியவற்றை மட்டும் செய்கிறது.

ஷூக்கள் கோடைக்காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு வாங்குபவரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு தோலிலும் ஆறு இணைதிறக் குரோமியம் இருக்கிறது; கறுப்பில் கிலோவுக்கு 5.2 மில்லிகிராம், லைனிங்கில் 6.8 மில்லிகிராம், சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆனால், சரக்கோடு சென்ற சான்றிதழில் இரண்டு தோலுக்கும் நேரே ‘கண்டறியப்படவில்லை’ என்றே இருந்தது.

குரோமியத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பதனிடுவதற்குப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூன்று இணைதிறக் குரோமியம். அது தோலின் புரதத்தோடு உறுதியாகப் பிணைந்துவிடும். அது காலில் பட்டாலும் பெரிய கேடு இல்லை. அதே தனிமம் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆறு இணைதிற நிலைக்குப் போனால் நச்சு. அது நீரில் எளிதில் கரையும், தோலுக்குள் ஊடுருவும், ஒவ்வாமைப் படை உண்டாக்கும். சுவாசத்தில் தொடர்ந்து போனால் புற்றுநோய்க்கும் காரணமாகும். தொழிலில் எல்லோரும் இதைக் குரோம் சிக்ஸ் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். உடலில் படும் தோல் பொருள்களில் குரோம் சிக்ஸ், உலர் எடைக் கணக்கில், கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2015 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் குரோமியம் என்றாலே பாலாறுதான் முதலில் நினைவுக்கு வரும். தோல் கழிவுநீர் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவுக் குவியல் இன்றும் பேசப்படுகிறது. இந்தப் பழைய காயம், இந்த ஆய்வில் எழுந்த சந்தேகங்களிலும் தன் பங்கைக் காட்டியது.

மூன்று சந்தேகங்கள்

ஆலை உரிமையாளரும், தோலை நீரோடு போட்டுச் சுழற்றும் பெரிய உருளைகளான டிரம்களின் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியும், காலணித் தொழிற்சாலையின் தர அலுவலரும் எங்கள் சோதனைக்கூடத்துக்குச் சேர்ந்தே வந்தார்கள். ஆனால் மூவரும் மூன்று காரணம் சொன்னார்கள். வாங்குபவரின் ஆய்வகம் தவறாக அளந்துவிட்டது என்பது உரிமையாளரின் கட்சி. தர அலுவலருக்கு ஒட்டுப் பசை மேல் சந்தேகம். முப்பது ஆண்டுக்கு மேல் டிரம்மோடு வாழ்ந்த மேஸ்திரி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார்.

மூன்றையும் நாங்கள் ஒதுக்கவில்லை. எதை முதலில் சோதிப்பது என்பதை மட்டும் மாற்றினோம். எண் சரியா என்று தெரியாமல் அந்த எண்ணுக்குக் காரணம் தேடுவதில் பொருள் இல்லை. ஆகவே உரிமையாளரின் சந்தேகத்திலிருந்து தொடங்கினோம்.

மாதிரி எடுத்த விதம்

ஒவ்வொரு தோலுக்கும் மூன்று நிலையில் மாதிரி கேட்டோம்: விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்ட ஷூவிலிருந்து வெட்டியது, சரக்கு புறப்பட்டபோது ஆலையின் அலமாரியில் எடுத்து வைத்திருந்தது, அதே செய்முறையில் அந்த வாரம் டிரம்மிலிருந்து இறங்கியது. ஷூவிலிருந்து வெட்டும்போது பசை படாத இடத்தையும் பசை பட்ட இடத்தையும் தனித்தனியாக எடுத்தோம். பசை பற்றிய சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. லைனிங்கில் இரண்டு இடத்திலும் கிடைத்த அளவு ஏறத்தாழ ஒன்றே.

மாதிரிகளை அலுமினியத் தாளில் சுற்றி, வெளிச்சம் படாமல் குளிரில் வைத்தோம். அரைக்கும்போது தோல் சூடேறாமல் இருக்க விட்டுவிட்டு அரைத்தோம். சூடும் வெளிச்சமுமே மூன்று இணைதிறக் குரோமியத்தை ஆறாக மாற்றக்கூடியவை. சோதனைக்கூடமே அதை உண்டாக்கிவிடக் கூடாது. ஈரப்பதத்தையும் தனியே அளந்தோம். காற்றில் வைத்த தோலில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு தண்ணீர் இருப்பது இயல்பு. உள்ளபடி 2.7 என்று வரும் அளவு, 13 சதவீத ஈரத்தைக் கழித்தால் 3.1 ஆகிவிடும். எல்லையை ஒட்டிய தோல்களில் ஏற்பதும் தள்ளுவதும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

கறுப்புத் தோலில் கண்டது

இந்தச் சோதனைக்கான பன்னாட்டு முறை ஐ.எஸ்.ஓ. 17075. அதன் முதல் பகுதி நிறமானி முறை. அரைத்த தோல் 2 கிராமை, காற்று நீக்கிய, பி.எச். 8 அளவுள்ள பாஸ்பேட் கரைசல் 100 மில்லிலிட்டரில் மூன்று மணி நேரம் குலுக்க வேண்டும். வடிகட்டிய சாற்றைச் சாயம் நீக்கும் சிறு குழல் வழியாகச் செலுத்தி, அமிலமும் டைபினைல்கார்பசைடும் சேர்க்க வேண்டும். குரோம் சிக்ஸ் இருந்தால் செம்ஊதா நிறம் எழும். அந்த நிறம் 540 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதை அளந்தால் அளவு தெரிந்துவிடும். எளிமையான, மலிவான, நல்ல முறை. மூன்று இணைதிறக் குரோமியம் இந்த வினைபொருளோடு நிறம் தராது என்பதே இதன் உயிர்.

வாங்குபவரின் ஆய்வகமும் இதே முறையைத்தான் கையாண்டிருந்தது. நாங்களும் அப்படியே செய்தோம். திரும்பி வந்த கறுப்புத் தோலில் 4.9 வந்தது. இந்த இடத்தில் சோதனையை முடித்திருந்தால் வாங்குபவரின் அறிக்கையை உறுதிசெய்திருப்போம்.

ஆனால், குழல் வழியாக இறங்கிய சாறு தெளிவாக இல்லை. கண்ணாடிக் குவளையை வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பார்த்தால், வினைபொருள் சேர்ப்பதற்கு முன்பே சாம்பல் கலந்த ஊதாச் சாயல் தெரிந்தது. எனவே 540-இல் ஒரே ஓர் அளவு எடுப்பதற்குப் பதிலாக 400 முதல் 700 நானோமீட்டர் வரை முழு நிறமாலையையும் வரைந்தோம். ஒப்பீட்டுக்கான, குரோம் சிக்ஸ் அளவு தெரிந்த தரக் கரைசலில் 540-இல் ஒற்றை மேடாக, இருபுறமும் சீராகச் சரியும் வரைகோடு வந்தது. கறுப்புத் தோலின் சாற்றிலோ உச்சியே 540-இல் இல்லை. 580-ஐத் தாண்டிய அகலமான மேடும், அதன் சரிவில் 540-உம் இருந்தன. கருவி காட்டிய எண், சாயத்தின் சரிவில் அளந்த எண்.

சாயத்தின் நிறத்தைக் கழிப்பதற்கு, வினைபொருள் சேர்க்காத சாற்றை ஒப்பீடாக வைக்க முறையே இடம் தருகிறது. ஆனால் இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறும்போது, பெரிய எண்களில் உள்ள சிறு பிசகு முழுவதும் அந்தச் சிறிய எண்ணின் தலையில் விழுகிறது. தண்ணீரில் மிக எளிதாகக் கரையும் அமிலச் சாயங்கள் சில, சாயம் நீக்கும் குழலில் தங்குவதே இல்லை. அடர் நிறத் தோல்களில் இந்தத் தொல்லை புதிதல்ல. 17075-இன் இரண்டாம் பகுதி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த இரண்டாம் பகுதி அயனி நிறப்பிரிகை முறை. சாற்றைப் பத்தி எனப்படும், பிரிக்கும் பொருள் நிரப்பிய குழாயின் வழியாகச் செலுத்தினால் குரோமேட் அயனி தனக்குரிய நேரத்தில் தனியாக வெளிவரும். சாயம் வேறு நேரத்தில் வரும். குரோமேட்டுக்கே உரிய மஞ்சள் நிறத்தை 372 நானோமீட்டரில் அளக்கலாம். கறுப்புத் தோலின் சாற்றைச் செலுத்தியபோது, குரோமேட் வரவேண்டிய நேரத்தில் கோடு தட்டையாகவே இருந்தது.

இங்கே மற்றொரு ஐயம் எழ வேண்டும்: உண்மையில் இல்லையா, இருந்தும் தோலில் உள்ள ஏதோ ஒரு பொருள் அதை ஒடுக்கிவிட்டதா? அளவு தெரிந்த குரோம் சிக்ஸைச் சாற்றில் நாங்களே சேர்த்து மீண்டும் அளந்தோம். சேர்த்ததில் 92 சதவீதம் திரும்பக் கிடைத்தது. 80-க்கு மேல் இருந்தால் முறை ஏற்கிறது. எனவே ஒடுக்கும் பொருள் எதுவும் குறுக்கிடவில்லை.

கடைசி உறுதிக்காக வேலூரில் உள்ள கல்வி நிறுவனம் ஒன்றின் கருவிக்கூடத்தில், அதே நிறப்பிரிகைப் பத்தியின் வாயை ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியோடு இணைத்துப் பார்த்தோம். கரைசலை ஆர்கான் பிளாஸ்மாவில் தெளித்து, அணுக்களை அயனியாக்கி, நிறைவாரியாக எண்ணும் நிறை நிறமாலைமானி அது. பலர் இதை வைத்து நேரடியாகத் தோலை அளந்துவிடலாமே என்று கேட்கிறார்கள். முடியாது. பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவுக்குள் போனதும் மூன்று இணைதிறமும் ஆறு இணைதிறமும் ஒன்றாகி வெறும் குரோமியமாக வெளிவரும். குரோம் பதனிட்ட தோலில் மொத்தக் குரோமியம் கிலோவுக்குப் பல்லாயிரம் மில்லிகிராம். நாம் தேடுவதோ அதில் 3 மில்லிகிராம். மூட்டை அரிசியை மொத்தமாக நிறுத்துவிட்டு, அதில் எத்தனை கல் என்று சொல்ல முடியுமா? முதலில் பிரிக்க வேண்டும், பிறகுதான் எண்ண வேண்டும்.

நிறை நிறமாலைமானிக்கும் தனக்கே உரிய பொய்கள் உண்டு. குரோமியத்தின் முக்கிய ஐசோடோப்பு 52. ஆர்கானும் கரிமமும் சேர்ந்த அயனிக்கும் நிறை எண் 52-தான். தோலின் சாற்றில் கரிமத்துக்குப் பஞ்சமில்லை. இதைக் கருவிக்குள் ஹீலியம் மோதல் அறை தடுக்கிறது. அது போதாதென்று நாங்கள் 53-ஐயும் உடன் எண்ணினோம். இயற்கைக் குரோமியத்தில் 52 ஏறத்தாழ 83.8 சதவீதம், 53 ஏறத்தாழ 9.5 சதவீதம், விகிதம் 8.8. வந்தது குரோமியம்தானா என்பதற்கு இந்த விகிதமே கைரேகை. கறுப்புத் தோலில் விகிதம் பார்க்கும் அளவுக்குக்கூட எதுவும் வரவில்லை.

தேன் நிற லைனிங்கில் கண்டது

உரிமையாளர் சொன்னது சரிதான் என்று கறுப்புத் தோல் காட்டியது. அதே மகிழ்ச்சியில் லைனிங்கையும் சாயத்தின் கணக்கில் எழுதிவிட எல்லோருக்கும் ஆசை இருந்தது. நிறமாலை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

திரும்பி வந்த லைனிங்கின் சாறு குழலுக்குப் பின் தெளிவாக இறங்கியது. வினைபொருள் சேர்த்ததும் செம்ஊதா எழுந்தது; 540-இல் சீரான ஒற்றை மேடு. அயனி நிறப்பிரிகையில் 372 நானோமீட்டரில், குரோமேட்டுக்கு உரிய நேரத்தில் கூர்மையான உச்சி. நிறை நிறமாலைமானியில் அதே நேரத்தில் 52-உம் 53-உம் சேர்ந்தே எழுந்தன, விகிதம் 8.8-ஐ ஒட்டியே இருந்தது. மூன்று வேறு தத்துவங்களில் இயங்கும் மூன்று கருவிகள் ஒரே விடையைச் சொன்னபின் மறுக்க வழியில்லை. அளவு, உலர் எடையில் 6.4.

அலமாரியில் இருந்த லைனிங்கில் 1.6 வந்தது. நிறமானி முறையின் 3 மில்லிகிராம் எல்லைக்குள் இது தெரியவே தெரியாது. நிறை நிறமாலைமானிக்கு மட்டும் தெரிந்தது. புதிதாக டிரம்மிலிருந்து இறங்கிய லைனிங்கில் எதுவும் இல்லை. ஆக, புறப்பட்ட நாளில் வழங்கிய சான்றிதழ் பொய்யல்ல. ‘கண்டறியப்படவில்லை’ என்பது அன்றைய நிலையில், அந்த முறையில், 3-க்குக் கீழே என்றுதான் பொருள்படும். தோல் வழியில் மாறியிருக்கிறது.

இதைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 10195 என்ற முதுமையூட்டும் சோதனை இருக்கிறது. தோலை 80 டிகிரி செல்சியஸில், மிகக் குறைந்த ஈரப்பதத்தில், 24 மணி நேரம் வைத்த பிறகு அளக்க வேண்டும். புதிய லைனிங்கை அப்படி வைத்து எடுத்தபோது 9.4 வந்தது. ஒரு நாளைக்கு முன் அதே தோலில் ஒன்றுமே இல்லை. வேலூர்ப் பக்கம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும் மாதத்தில், வெயிலில் நிற்கும் இரும்புக் கன்டெய்னருக்குள் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஷூக்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை அளவிட எங்களிடம் பதிவுக் கருவி எதுவும் இல்லை. திசை மட்டும் தெளிவாயிற்று.

அறிக்கை பற்றிய முடிவு

கறுப்புத் தோலின் முடிவைப் பார்த்த உரிமையாளர், “இதற்கு மட்டும் முதலில் அறிக்கை கொடுங்கள் சார், லைனிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். சரக்கு துறைமுகக் கிடங்கில் வாடகைக்குக் கிடந்த நேரம் அது. அவருடைய அவசரம் எங்களுக்குப் புரிந்தது. ஆயினும் மறுத்துவிட்டோம். “பாய், இரண்டும் ஒரே ஷூவில்தான் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால், லைனிங் விஷயம் தெரியும் நாளில் கறுப்புக்குக் கொடுத்த அறிக்கையையும் நம்ப மாட்டார்கள். அதோடு, காலில் படுவது லைனிங்தான்” என்று சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதச் சொல்லிவிட்டார். நிறமாலை வரைகோடுகளையும் மீட்பு அளவுகளையும் இணைத்தே அனுப்பினோம். வெறும் எண்ணை மட்டும் அனுப்பினால், அது எங்கள் எண்ணுக்கும் அவர்கள் எண்ணுக்கும் இடையிலான சண்டையாக மட்டுமே இருந்திருக்கும்.

அந்தப் பேச்சின்போதுதான் தர அலுவலர் இன்னொன்றைச் சொன்னார். லைனிங் தைக்கும் பிரிவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு கையிலும் நெடுநாளாக அரிப்பும் வெடிப்பும் இருக்கிறதாம். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். தோலில் குரோமியம் இருக்கிறது என்பதால் அந்தப் பெண்ணின் கைக்கு அதுதான் காரணம் என்று எங்கள் கருவிகள் சொல்லிவிட முடியாது. அது மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது. பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த களிம்பை முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை அதற்கென்றே இருக்கிறது. தோல் நோய் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி அறிக்கையின் முகக் கடிதத்திலும் எழுதினோம். சோதனையில் குரோமியத்துக்கு ஒவ்வாமை உறுதியானதாகவும், அவரைத் தோல் தொடாத பொதியிடும் பிரிவுக்கு மாற்றியதாகவும் பின்னர் தெரிவித்தார்கள்.

குரோமியம் ஏன் மாறியது

தண்ணீர்ச் சந்தேகத்தைக் கணக்கே தீர்த்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் மொத்தக் குரோமியம் குடிநீர் எல்லையான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருந்தது. அந்த எல்லை அளவு முழுவதும் குரோம் சிக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தோலுக்குத் தாராளமாகப் பத்து லிட்டர் தண்ணீர் செலவாகி, அதில் உள்ளது அத்தனையும் தோலில் தங்கினாலும் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம்தான் வரும்; 6.4 வராது. தாளில் எழுதிக் காட்டியபோது மேஸ்திரி ஏற்றுக்கொண்டார்.

மிச்சம் இருந்தது செய்முறை. பதிவேட்டைப் புரட்டியபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. லைனிங்குக்கு, தோலின் அமிலத்தைத் தணிக்கும் நடுநிலையாக்கலில் பி.எச். 6-க்கு மேலே கொண்டுபோகிறார்கள். எண்ணெய் ஆழமாக இறங்க வேண்டும் என்பதற்காக. அடுத்து, சில மாதங்களுக்கு முன் ஃபேட்லிக்கரை, அதாவது தோலை மென்மையாக்கும் எண்ணெயை, மாற்றியிருக்கிறார்கள். புதியதும் செயற்கை எண்ணெய்தான், விலை மட்டும் குறைவு என்று வியாபாரி சொல்லியிருந்தார். கறுப்புத் தோலுக்குப் பழைய எண்ணெயே தொடர்ந்தது.

புதிய பீப்பாயிலிருந்து ஒரு துளியை அகச்சிவப்பு நிறமாலைமானியில் வைத்தோம். எஸ்டருக்கு உரிய, அலை எண் 1740-ஐ ஒட்டிய உச்சி பழைய எண்ணெயிலும் இருந்தது. புதியதில் 3010-ஐ ஒட்டி ஒரு சிறிய, தெளிவான தோள்பட்டை கூடுதலாக எழுந்தது. இரட்டைப் பிணைப்பில் உள்ள ஹைட்ரஜன் தரும் அடையாளம் அது. இரட்டைப் பிணைப்பு நிறைந்த எண்ணெய் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எந்த எண்ணெய் என்று அறிய, வாயு நிறப்பிரிகையையும் நிறை நிறமாலைமானியையும் இணைத்த ஜி.சி.-எம்.எஸ். தேவைப்பட்டது.

எண்ணெயையும், தோலிலிருந்து கரைப்பானில் இறக்கிய கொழுப்பையும் மெத்தில் எஸ்டராக மாற்றிச் செலுத்தினோம். நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களின் எஸ்டர் உடையும்போது நிறை எண் 74 ஓங்கி நிற்கும். பல இரட்டைப் பிணைப்பு உள்ளவை உடையும்போது 79 ஓங்கும். பழைய எண்ணெயில் பெரும்பாலும் 74-இன் ஆட்சி. புதிய எண்ணெயில், நேரம் கடந்து வரும் பகுதியில், 79 ஓங்கிய இரண்டு பெரிய உச்சிகள்: 20 கரிமமும் ஐந்து இரட்டைப் பிணைப்பும் கொண்டது ஒன்று, 22 கரிமமும் ஆறு இரட்டைப் பிணைப்பும் கொண்டது மற்றொன்று. இவை இரண்டும் இந்த அளவில் சேர்ந்து இருந்தால் அது மீன் எண்ணெய். செயற்கை என்று விற்ற பீப்பாயில் இருந்தது மீன் எண்ணெய்.

இத்தகைய கொழுப்பு காற்றில் பட்டால் பெராக்சைடுகளை உண்டாக்கும். அவை அருகில் உள்ள மூன்று இணைதிறக் குரோமியத்தை ஆறுக்கு ஏற்றும். பி.எச். கூடினால் இது எளிதாகும், சூடு கூடினால் வேகமாகும். இது தொழில்நுட்ப உலகில் நெடுநாளாகத் தெரிந்ததுதான். எங்களுக்கு அதை இந்தச் சரக்கிலேயே காட்ட வேண்டியிருந்தது. புதிய லைனிங்கின் கொழுப்பையும் திரும்பி வந்த லைனிங்கின் கொழுப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பால்மிட்டிக் அமிலத்தின் உச்சியோடு ஒப்பிட்டால், புதியதில் நிமிர்ந்து நின்ற அந்த இரண்டு மீன் எண்ணெய் உச்சிகளும் கடல் கடந்து வந்த தோலில் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தன. கொழுப்பு எரிந்த இடத்தில் குரோம் சிக்ஸ் பிறந்திருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்கு இதுவே முழுச் சான்று ஆகாது. டிரம்மில் செய்து பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதினோம்.

டிரம் சோதனை

ஒரே கட்டு வெட் புளூ ஆட்டுத் தோலைப் பிரித்து, சிறு மாதிரி டிரம்மில் நான்கு விதமாக ஓட்டினார்கள். எல்லாவற்றையும் 80 டிகிரியில் ஒரு நாள் வைத்த பிறகே அளந்தோம். மீன் எண்ணெயோடு நடப்புச் செய்முறையில் 9.1. பழைய எண்ணெய்க்குத் திரும்பியபோது 3.6. மீன் எண்ணெயை அப்படியே வைத்து, மறுபதனிடலில் டாரா என்ற தாவரப் பதனிடுபொருளை 3 சதவீதம் சேர்த்தபோது 3-க்குக் கீழே. பழைய எண்ணெய், டாரா, நடுநிலையாக்கலில் பி.எச். 5.2 ஆகிய மூன்றும் சேர்ந்தபோது நிறை நிறமாலைமானிக்குக்கூட எதுவும் தெரியவில்லை.

தாவரப் பதனிடுபொருள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஆண்ட மண்ணில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மைமோசா மலிவு, ஆனால் வெளிர் நிறத்தைச் சிவக்க வைக்கும், வெயிலில் மேலும் கறுக்கும். வாங்குபவரின் நிற அட்டையில் தேன் நிறம் மாறக் கூடாது. அதனால்தான் வெளிர்நிறம் தரும் டாராவைத் தேர்ந்தோம். பெருவிலிருந்து வருவது, விலை அதிகம்.

மேஸ்திரி ஒப்பவில்லை. “தம்பி, டாரா கூடினால் கிரெயின், தோலின் மேல்முகம், முரடாகும். பி.எச். குறைந்தால் எண்ணெய் மேலேயே நின்றுவிடும். மென்மை போனால் இவர்கள் வேறு காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்” என்றார். அவர் சொன்னதில் அனுபவம் இருந்தது. நான்காவது ஓட்டத் தோல் உண்மையிலேயே சற்று விறைப்பாகத்தான் வந்தது. எண்ணெயை ஒரே தடவையில் ஊற்றாமல் இரண்டு பகுதியாக, இரண்டாவதைச் சூடான புது நீரில் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். அப்படி ஓட்டிய தோல் கையில் மென்மையாக இருந்தது. குரோம் சிக்ஸும் தலைகாட்டவில்லை.

டாரா மட்டுமே போதுமே, மலிவு எண்ணெயைத் தொடரலாமே என்ற கேள்வி வந்தது. தடுப்புப் பொருள் தீரும்வரைதான் காவல்; தீயை வைத்துக்கொண்டு காவல் போடுவதைவிடத் தீயை எடுத்துவிடுவது மேல் என்பது எங்கள் தீர்ப்பு. பழைய எண்ணெயிலும் 3.6 வந்திருப்பதால் எண்ணெய் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. உயர்ந்த பி.எச்.-க்கும் தோலின் இயற்கைக் கொழுப்புக்கும் எவ்வளவு பங்கு என்பதை இந்த நான்கு ஓட்டங்கள் பிரித்துக் காட்டவில்லை.

பின் நடந்தவை

வாங்குபவரின் ஆய்வகம் கறுப்புத் தோலை நிறப்பிரிகை முறையில் மீண்டும் சோதித்து, இல்லை என்று ஏற்றுக்கொண்டது. லைனிங் உள்ள அந்தச் சரக்கு விற்பனைக்குப் போகவில்லை, அங்கேயே அழிக்கப்பட்டது. இழப்பை ஆலையும் காலணித் தொழிற்சாலையும் பகிர்ந்துகொண்டன. கறுப்புத் தோலுக்கான ஆர்டர் தொடர்ந்தது. புதிய செய்முறை லைனிங், முதுமையூட்டிய சோதனை அறிக்கையோடு போய், அடுத்த பருவத்தில் ஏற்கப்பட்டது. எண்ணெய் வியாபாரி பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மாற்றப்பட்ட நடைமுறைகள்

ஆலையில் இப்போது எந்த எண்ணெய்ப் பீப்பாயும் அகச்சிவப்பு நிறமாலை பார்க்காமல் டிரம் பக்கம் போவதில்லை. பழைய பீப்பாயின் வரைகோட்டோடு புதியதை ஒட்டிப் பார்த்தால் போதும், செலவும் பெரிதல்ல. ஏற்றுமதித் தோலை முதுமையூட்டாமல் சோதித்துச் சான்றிதழ் வாங்குவதை உரிமையாளர் நிறுத்திவிட்டார். எடுத்து வைக்கும் மாதிரியில் ஒரு பாதி குளிரில் இருக்கிறது, மறு பாதி சரக்குப் பெட்டிக்குள்ளேயே பயணம் செய்கிறது. கோடையில் போகும் கன்டெய்னரில் வெப்பப் பதிவுக் கருவி ஒன்றையும் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் கூடத்தில் அடர் நிறத் தோல் எதற்கும் 540-இல் ஒற்றை அளவு எடுத்து அறிக்கை தருவதில்லை. முழு நிறமாலையும் தரக் கரைசலின் வடிவத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நிறப்பிரிகைக்கு அனுப்ப வேண்டும். அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே முறையும் அதன் கீழ் எல்லையும், முதுமையூட்டியதா இல்லையா என்பதும் அச்சாகின்றன.

மீன் எண்ணெய் ஏற்றிய லைனிங், இறுதிப்பூச்சுக்கு முந்திய கிரஸ்ட் நிலையில், கணிசமான அளவு ஆலைக் கிடங்கில் கிடந்தது. குரோம் சிக்ஸை மீண்டும் மூன்று இணைதிறத்துக்கு இறக்கும் அஸ்கார்பிக் அமிலத்தைத் தெளித்துப் பார்த்தார்கள். அன்றைக்கு அளந்தால் ஒன்றும் இல்லை, 80 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் மீண்டும் 4-க்கு மேல் வந்தது. மறுபடி நனைத்து, டாரா கொடுத்து டிரம்மில் ஓட்டியதில் ஒரு பகுதி தேறியது. தேறாத தோல்கள் தனி அறையில், எண்ணெயின் பெயரும் டிரம் தேதியும் எழுதிய அட்டையோடு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன.